பழைய இசைத்தட்டின் வேகம்தான் மரபின் வேகமா?

வடமராட்சியில் உடுப்பிட்டி போன்ற ஊர்களில் மேளக் கச்சேரியின்றிக் கோயில் திருவிழா நிறைவுறுவதில்லை. கச்சேரி முடிந்ததும் இளங்கலைஞரைப் பழைய இசைத்தட்டுகளோடு ஒப்பிட்டு, "அக்காலத்து விறுவிறுப்பு இல்லை" எனத் தீர்ப்பளிப்போரும் உளர். இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை நாம் சற்று ஆராய வேண்டியுள்ளது.

இந்தியாவில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு 1902 இல் தொடங்கியது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழன்ற பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிட இசையே அடங்கியது. கோயில் வீதியில் மணிக்கணக்காகத் தோடியை விரித்து வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் (1898-1956) தட்டுக்காக அதனைச் சுருக்கவே நேர்ந்தது. சௌக்க காலத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஆரம்பகாலத் தட்டுகள் யாவும் ஒரே வேகத்தில் பதிவானவை அல்ல. பதிவான வேகத்தை விடக் கூடுதலாகத் தட்டைச் சுழற்றினால் காலப்பிரமாணத்துடன் சுருதியும் உயரும். நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு வேகம் கூடினால் அரைக் கட்டை கூடிவிடும். எனவே கலைஞர் கையாண்ட வாத்தியத்தின் சுருதியை அறிந்தால் உண்மையான வேகத்தையும் கணிக்கலாம்.

மேல்நாட்டுப் பியானோ இசையிலும் இவ்விவாதம் உண்டு. பாக்கின் 'கோல்ட்பேர்க்' படைப்பை கிளென் கூல்ட் 1955 இல் சுமார் 38 நிமிடங்களிலும் 1981 இல் சுமார் 51 நிமிடங்களிலும் வாசித்துப் பதிவு செய்தார். பிந்தையதில் சில பகுதிகளை இருமுறை வாசித்ததும் இதற்கு ஒரு காரணமே. எனினும் தொடக்கப் பகுதியின் நிதானம் எவருக்கும் புலப்படும். இரண்டையும் ரசிகர்கள் ஏற்றனர்.

ஆந்திரத்தின் முஸ்லிம் நாதஸ்வரக் குடும்பமொன்றில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924-1999) தஞ்சைப் பாணியை நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் முறையாகப் பயின்றார். காலப்பிரமாணம் குருவின் அருகிருந்து பெறவேண்டியது என்பதற்கு இதுவே சான்று.

கைதட்டலுக்காக வேகத்தை நாடும் இளையோர் நிதானத்தை இழந்தால் மரபின் பாதி போய்விடும். போரிலும் இடப்பெயர்விலும் நாம் இழந்த ஒலிநாடாக்கள் எத்தனையோ. எஞ்சியவற்றைச் சுருதி சரிபார்த்துப் பிரதியெடுப்பதும், அக்காலக் கச்சேரிகளை நேரில் கேட்ட முதியோரின் அனுபவங்களைப் பதிவு செய்வதும் தாமதிக்கக்கூடாத பணிகளாகும்.