காந்தக் கோட்டில் கோத்த மணிகள்

ரிஷப விண்மீன் கூட்டத்தில், சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் நண்டு நெபுலா இருக்கிறது. 1054-இல் சீனர்கள் பகலிலும் கண்டு குறித்துவைத்த விண்மீன் வெடிப்பின் எச்சம் அது. அதன் நடுவே ஒரு நியூட்ரான் விண்மீன் நொடிக்கு 30 முறை சுழல்கிறது. எடை சூரியனைவிட அதிகம். குறுக்களவோ இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான். பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ அரை காஸ். இதன் பரப்பில் சுமார் 4 லட்சம் கோடி காஸ்.

இப்படியொரு காந்தம் இத்தனை வேகத்தில் சுழன்றால் அது டைனமோதான். சைக்கிள் விளக்கை எரியவைக்கும் அதே சங்கதி. பரப்பில் எழும் மின்விசை, அந்த விண்மீனின் அசுர ஈர்ப்பையும் மீறித் துகள்களைப் பிய்த்து மேலே தூக்கிவிடும் என்று 1969-இல் கோல்ட்ரைக், ஜூலியன் இருவரும் காட்டினர்.

பிய்ந்து வந்த எலக்ட்ரான் எங்கே போகும்? காந்தவிசை எப்போதும் குறுக்கே இழுப்பதால், காந்தக் கோட்டைச் செக்குமாடுபோல் சுற்றத் தொடங்கும். பூமியைச் சூழ்ந்த வெளியில் அந்தச் சுற்று கிலோமீட்டர் கணக்கில்கூட அமையும். இங்கே அது அணுவைவிடச் சிறியது. அவ்வளவு நெருக்கத்தில் நினைத்த வேகத்தில் சுற்ற முடியாது. குவாண்டம் விதி வகுத்த படிகளில்தான் நிற்கலாம். எலக்ட்ரானோ ஆற்றலைக் கதிராக உமிழ்ந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்கு எவ்வளவோ முன்பே கடைசிப் படிக்கு இறங்கிவிடும். இந்தப் படிகள் வெறும் ஏட்டுக் கணக்கல்ல: ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற இன்னொரு நியூட்ரான் விண்மீனின் எக்ஸ் கதிரில் அவற்றின் தடம், 1976-இல் பலூனில் ஏற்றிய கருவிக்குச் சிக்கியது.

சுற்றல் அடங்கியபின், கம்பியில் கோத்த மணிபோலக் கோட்டோடு ஓடுவது ஒன்றே வழி. கோடோ வளைந்தது. ஒளிவேகத்தை ஒட்டி ஓடும் துகள், வளைவில் திரும்பும்போது காமா கதிரை உமிழும். சுவாரசியமே இனிமேல்தான். வெறும் வெளியில் ஒற்றைக் காமா கதிர் பொருளாக மாறாது. இங்கே காந்தப்புலம் துணை நிற்பதால் எலக்ட்ரானும் பாசிட்ரானும் இரட்டையாகப் பிறக்கின்றன. பிறந்தவையும் கதிரை உமிழும், அதிலிருந்து மேலும் இரட்டைகள் பிறக்கும். இந்தப் பெருக்கத்தை 1971-இல் விளக்கியவர் பீட்டர் ஸ்டரக்.

கோடுகள் விண்மீனோடு சேர்ந்தே சுழல வேண்டியவை. ஆனால் 1,600 கிலோமீட்டர் தொலைவில் அப்படிச் சுழல ஒளியின் வேகம் தேவை. அதைத் தாண்டும் கோடுகள் திரும்பி வந்து மூடிக்கொள்வதில்லை. அவை வழியே துகள்கள் காற்றாக வெளியே வீசுகின்றன. நெபுலாவின் நீல ஒளி, அந்தத் துகள்கள் வலுக்குறைந்த புலத்தில் மீண்டும் சுற்றும்போது வருவது. இத்தனை செலவும் விண்மீனின் சுழற்சியிலிருந்துதான் கழிகிறது: ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நாளொன்றுக்குச் சுமார் 36 நானோ நொடி கூடிக்கொண்டே போகிறது.