வசனத்தைக் குறைத்த வசனகர்த்தா

மேடை நாடகத்தின் வழித்தோன்றலாகவே நெடுங்காலம் வளர்ந்த தமிழ்த் திரைப்படத்தில், பேச்சைக் குறைத்துக் காட்சிக்கு இடம் கொடுத்தவர்களுள் முதன்மையானவரான இயக்குநர் மகேந்திரன் (1939–2019), வசனம் எழுதியே பெயர் பெற்றவர் என்பது கவனிக்கத்தக்கது. சிவாஜி கணேசனின் ‘தங்கப்பதக்கம்’ (1974) இவர் எழுத்தில் பெருவெற்றி கண்டது. ஆயினும் அத்தகைய படங்களில் தமக்கு மனம் ஒட்டவில்லை என்பதைப் பின்னாளில் அவர் மறைத்ததில்லை.

உமாசந்திரனின் நாவலைத் தழுவிய ‘முள்ளும் மலரும்’ (1978) அவர் இயக்கிய முதல் படம். மின் நிலையத்தில் விஞ்ச், அதாவது சரிவில் இரும்பு வடத்தால் இழுக்கப்படும் வண்டியை இயக்கும் காளி, தங்கையின் விருப்பத்துக்கு இறுதியில் இணங்கிய பின்னும், மாப்பிள்ளையாகப்போகும் பொறியாளரைத் தனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். திருந்திவிடாத நாயகனைத் திருத்தாமலே நேசிக்க வைத்தது அக்காலத்தில் சிறு துணிச்சல் அன்று.

புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கருவை மட்டும் எடுத்துக்கொண்ட ‘உதிரிப்பூக்கள்’ (1979) அவருடைய படைப்புகளின் உச்சம். மனைவியையும் ஊரையும் வதைத்த சுந்தரவடிவேலுவை ஊரார் ஆற்றங்கரைக்கு நடத்திச் செல்லும் முடிவில் அடிதடியோ ஆரவாரமோ இல்லை. நல்லவர்களாக இருந்த அவர்களையும் தன்னைப் போல் ஆக்கிவிட்டதே தான் செய்த தவறுகளில் பெரியது என்னும் பொருள்படச் சில சொற்கள் சொல்லிவிட்டு அவன் நீரில் இறங்க, தீயவனுக்குரிய தண்டனை ஊரின் குற்றமாகவும் மாறிவிடுகிறது. கரையில் நிற்கும் அவனுடைய இரு குழந்தைகளே தலைப்பின் பொருள்; அதை எந்தப் பாத்திரமும் விளக்குவதில்லை.

சொல் விட்டுச்சென்ற இடத்தை ஒளியும் ஒலியும் நிரப்பின. ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) படத்தில் அதிகாலையில் ஓடுபவர்களின் காலடி ஓசையே இளையராஜாவின் பாடலுக்குத் தாளமாகிறது. அப்படத்தின் ஒளிப்பதிவுக்காக அசோக்குமாரும், ஒலிப்பதிவுக்காக எஸ்.பி. ராமநாதனும் தேசிய விருது பெற்றனர்.

‘கை கொடுக்கும் கை’ (1984) முதலிய பிற்காலப் படங்கள் இந்த உயரத்தை எட்டவில்லை என்பதை அவருடைய அன்பர்களும் மறுப்பது கடினம். ‘தெறி’ (2016) படத்தின் வில்லனாக மட்டுமே அவரை அறிந்த இளைய வாசகர்கள், ‘உதிரிப்பூக்க’ளிலிருந்து தொடங்குவது நல்லது.