உங்களுக்குத் தெரியுமா? வால் நறுக்கினாலும் பகா எண்!

7,39,39,133. ஏழு கோடியைத் தாண்டும் இந்த எண், 1-ஐயும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண். கடைசி இலக்கத்தை நீக்கினால் 73,93,913. அதுவும் பகா எண். இன்னும் நறுக்குங்கள்: 7,39,391, 73,939, 7,393, 739, 73, 7. அத்தனையும் பகா எண்கள்!

பத்தடிமான முறையில் இந்தக் குணமுள்ள எண்கள் மொத்தமே 83தான். அவற்றில் மிகப் பெரியது இதுவே. ஏன் இதற்கு மேல் வளரவில்லை? வலப்பக்கம் இரட்டைப்படை இலக்கம் சேர்த்தால் 2-ஆல் வகுபடும். 5 சேர்த்தால் 5-ஆல். 1 அல்லது 7 சேர்த்தால், இலக்கங்களின் கூட்டுத்தொகை 39 அல்லது 45 ஆகிவிடும், 3-ஆல் வகுபடும். மிஞ்சிய 3, 9 இரண்டும்கூடப் பகு எண்ணையே தருகின்றன. எட்டு இலக்கத்தோடு பாதை அடைபடுகிறது. என்ன அழகான முட்டுச்சந்து!