அம்மாவின் விரலைத் தெரியாத கைப்பேசி

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கரங்கான் வீட்டில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இரவு ஒன்பது மணி. தனியாக இருக்கிறார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மெல்ல நகர்ந்து கூடத்துக்கு வந்து, டிவி மேசையில் இருந்த கைப்பேசியை எடுத்திருக்கிறார். விரலை வைத்தார், திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், திறக்கவில்லை. ஐந்து முறை தவறியதும் அது 30 விநாடி காத்திருக்கச் சொன்னது. காத்திருந்து மீண்டும் முயன்றார். கடைசியில் அது விரலே வேண்டாம், ரகசிய எண்ணைப் போடு என்றது. அந்த எண் அம்மாவுக்குத் தெரியாது. போட்டுக் கொடுத்தது நான். "விரல் வச்சா போதும்மா, எதையும் ஞாபகம் வச்சுக்க வேணாம்" என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

எவர்சில்வர் தட்டை எடுத்து கிரில் கதவில் தட்டிச் சத்தம் போட்டுத்தான் பக்கத்து வீட்டு அக்காவை வரவழைத்திருக்கிறார். இடது மணிக்கட்டு எலும்பில் கீறல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

நான் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில், மின்னணுச் சில்லுகள் சம்பந்தப்பட்ட ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய கோடுகளைக் கருவியில் பார்த்துச் சரி, தவறு சொல்வது என் பிழைப்பு. என் அம்மாவின் விரல் கோடுகளை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. அன்றிரவு மருத்துவமனையில்தான் பார்த்தேன். வலது கட்டைவிரல் நுனி தேய்ந்த பழைய நாணயம் போல வழவழவென்று இருந்தது.

அம்மா பதினாறு வயதில் பால் மரம் வெட்டப் போனவர். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு வெளியே வந்து இத்தனை வருடமாகியும் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர் ஒருவரின் இரண்டு ஏக்கர் மரத்தைக் காலையில் வெட்டிவிட்டு வருகிறார். வெட்டுவதற்கு முன் கோட்டுப்பாலை உருவ வேண்டும், மங்கில் உறைந்த கட்டிப்பாலை எடுக்க வேண்டும், மங்கை விரலால் துடைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரம். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் வேறு தோலைப் பதம் பார்க்கும். ஐம்பது வருடம் இப்படி வேலை செய்த விரலில், பளபளப்பான கண்ணாடிக்குள் இருக்கும் கருவி எதைத் தேடிப் பிடிக்கும்?

கருவி எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். விரல் நுனியில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் இருக்கின்றன. பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கும் கருவி பெரும்பாலும் மின்தேக்க வகை. மேடு கருவியைத் தொடும், பள்ளம் தொடாது. அந்த நுண்ணிய மின் வேறுபாட்டைப் புள்ளி புள்ளியாக அளந்து ஒரு படம் வரைகிறது. திரைக்கு அடியில் இருக்கும் ஒளி வகை, திரையின் வெளிச்சத்தை விரலில் பாய்ச்சி அடியிலிருந்து ஒரு படம் எடுக்கிறது. விரலை வைத்ததும் ஒரு வட்டம் பளிச்சென்று ஒளிர்வது அதற்காகத்தான். விலை கூடிய சிலவற்றில் உள்ள மூன்றாவது வகை, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து மேடு பள்ளம் காண்கிறது.

மூன்றுக்கும் வேண்டியது ஒன்றுதான்: மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தெளிவான வித்தியாசம். தேய்ந்த விரலில் மேடே இல்லை. காய்ந்த விரலில் மேடு இருந்தும் கண்ணாடியோடு ஒட்டுவதில்லை. ஈர விரலில் பள்ளமெல்லாம் தண்ணீர். வயதானவர்களுக்குத் தோல் இறுக்கம் குறைந்து கோடுகள் தாமாகவே தட்டையாகின்றன. அம்மாவுக்கு அன்றிரவு இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

இது கைப்பேசி வந்த பிறகு வந்த தலைவலி இல்லை. நம் நாட்டில் விரல் ரேகைக்கு நீண்ட கதை உண்டு. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாக மக்களைப் பதிந்து, படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அடையாள அட்டை கொடுத்தார்கள். 2001 செப்டம்பரில் மைகார்டு வந்தது. அதிலுள்ள சில்லில் நம் இரு கட்டைவிரல்களின் ரேகையும் இருக்கிறது. விரல் ரேகையைச் சில்லில் வைத்த தேசிய அடையாள அட்டைகளில் உலகிலேயே முதன்மையானது அது. அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் வங்கி முகப்பில் அட்டையைச் செருகி, "ஆன்ட்டி, விரலை நல்லா அழுத்துங்க" என்று மூன்று முறை சொல்லும்போது அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். தப்பு செய்தவர் மாதிரி விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நம் பேச்சில் 'கைநாட்டு' என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு காலத்தில் ஒருவரை மட்டம் தட்டச் சொன்ன சொல். இன்று பட்டம் படித்த நாமெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை கைநாட்டு வைக்கிறோம்! 2013-இல் ஐபோன் 5எஸ் விரல் ரேகையைப் பொத்தானில் வைத்ததிலிருந்து இது உலக வழக்கமாகிவிட்டது. கைநாட்டு என்று கேலி செய்யப்பட்டவர்களின் விரலைத்தான் இப்போது கருவி ஏற்க மாட்டேன் என்கிறது.

விரல் ரேகை படியாதது அபூர்வமும் அல்ல. 2013-இல் வெளிவந்த ஒரு மலேசிய ஆய்வில், கையில் தோல் அழற்சி உள்ள 100 பேரையும் அது இல்லாத 100 பேரையும் கருவியில் விரல் வைக்கச் சொன்னார்கள். அழற்சி உள்ளவர்களில் 27 பேருக்குச் சரிபார்ப்பு தோற்றது. மற்றவர்களில் இரண்டே பேருக்கு. பாத்திரம் கழுவும் சோப்பு, சிமென்ட், பிளீச் இவற்றோடு நாளெல்லாம் புழங்குகிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரில் கெப்பசிட்டபின் என்ற புற்றுநோய் மருந்தைச் சாப்பிட்டு வந்த 62 வயதுக்காரர் ஒருவர், 2008 டிசம்பரில் அமெரிக்கா போனபோது விரலில் ரேகையே இல்லை என்று குடிநுழைவில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டார். அந்த மருந்து உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். அவருக்கே தம் ரேகை போனது அங்கே போய்த்தான் தெரிந்தது. அடுத்த வருடம் அவருடைய மருத்துவர் இதை மருத்துவ இதழில் எழுதினார். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளிலும் 2020-இல் விரல் ரேகைக் கருவி வந்தபோது இதே சங்கடம் வந்தது. வயல் வேலை செய்த பாட்டிகளின் விரல் படியவில்லை. பிறகு கருவிழி பார்க்கும் கருவியையும் சேர்க்க வேண்டி வந்தது.

சரி, அம்மாவின் கைப்பேசிக்கு வருவோம். மாவுக்கட்டு போட்ட மறுவாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

முதல் குற்றவாளி, நான் பாசத்தோடு ஒட்டிய கண்ணாடி. அம்மாவின் கைப்பேசி திரைக்கு அடியில் கருவி உள்ள வகை. முதலில் விரலைப் பதிந்துவிட்டு, அப்புறம் கடையில் கொடுத்துத் தடித்த பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டினேன். கருவி கற்றுக்கொண்டது ஒரு படம், பார்ப்பது இன்னொரு படம். கண்ணாடி ஒட்டினால் அதற்குப் பிறகு விரலைப் புதிதாகப் பதிய வேண்டும். கருவிக்கு ஒத்துவரும் கண்ணாடிதானா என்றும் கேட்டு வாங்க வேண்டும். இதில் எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. 2019 அக்டோபரில் சாம்சுங் கேலக்ஸி எஸ்10 கைப்பேசியை, சில சிலிக்கான் உறைகள் மேலே இருந்தால் யார் விரல் வைத்தாலும் திறக்கலாம் என்று தெரியவந்தது. உறையில் இருந்த கோலத்தையே கருவி ரேகை என்று எண்ணிவிட்டது. நிறுவனம் உடனே மென்பொருளைத் திருத்தியது.

இரண்டாவது, விரல் தேர்வு. எல்லாரும் வலது கட்டைவிரலைத்தான் பதிகிறோம். உழைத்தவர்களுக்கு அதிகம் தேய்ந்திருப்பதும் அதுதான். அம்மாவின் பத்து விரலையும் சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "என்ன பாப்பா, ஜோசியம் பாக்குறியா?" என்றார். முப்பத்து நான்கு வயதிலும் நான் பாப்பாதான். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் கோடு தெரிந்தது. மங்கு துடைக்க அவை அதிகம் உதவுவதில்லை போலும். வலது கையில் அந்த இரண்டையும் பதிந்தேன்.

பதியும் விதமும் முக்கியம். பொறுமை இல்லாமல் விரல் நுனியை மட்டும் டக் டக் என்று வைத்து முடித்துவிடுகிறோம். உண்மையில் கைப்பேசியை எப்படிப் பிடித்துத் திறப்போமோ அப்படிப் பிடித்துக்கொண்டே பதிய வேண்டும். நடு, இரு ஓரம், கொஞ்சம் மேல், கொஞ்சம் கீழ் என்று விரலைச் சிறிது சிறிதாகத் திருப்பி வைக்க வேண்டும். பெரும்பாலான கைப்பேசிகளில் மூன்று முதல் ஐந்து பதிவு வரை இடம் உண்டு. ஐந்தையும் ஐந்து விரலுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரே மோதிர விரலை இரண்டு தனிப் பதிவாக வைத்தேன்: காலையில் வேலையிலிருந்து வந்து காய்ந்திருக்கும்போது ஒன்று, சமையலெல்லாம் முடிந்து மென்மையாக இருக்கும்போது ஒன்று. பிறகு திறப்பது பெரிதும் மேலானது. காய்ந்த விரல் படியாவிட்டால் வாயருகே வைத்து ஒருமுறை ஊதிவிட்டு வைத்தால் போதும், அந்த ஈரப்பதமே உதவும். இரவில் கைக்கு லோஷன் தடவலாம். ஆனால் தடவிய கையோடு கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய்ப் படலம் படிந்து இன்னும் மோசமாகும். கண்ணாடியை மெல்லிய துணியால் அவ்வப்போது துடையுங்கள்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. உரிந்த தோலெல்லாம் போய் ஒரு வாரம் கழித்து இடது கையைப் பார்த்தால், ஆறு வாரம் பால் மரத்தைத் தொடாத அந்த விரல்களில் கோடுகள் முன்பைவிடத் தெளிவாக இருந்தன. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ரேகையின் அச்சு மேல்தோலின் அடியில் இருக்கிறது. தாயின் வயிற்றில் மூன்று, நான்கு மாதத்திலேயே அமைந்துவிடுவது. மேலே தேய்ந்தாலும், ஆழமான தழும்பு இல்லாவிட்டால், ஓய்வு கிடைத்ததும் அடியிலிருந்து அதே கோடு வளர்ந்து வருகிறது. வயதானவர்களுக்கு முழுவதும் திரும்பாது, ஆனாலும் கொஞ்சம் திரும்பும். இடது மோதிர விரலையும் சேர்த்துப் பதிந்தேன். இப்போது அதுதான் அம்மாவின் நம்பிக்கையான விரல்.

ஆனால் நான் உண்மையில் செய்த தவறு விரலில் இல்லை. எண்ணைச் சொல்லித் தராததுதான். கைப்பேசிக்குச் சாவி எப்போதும் ரகசிய எண்தான். விரல் ஒரு குறுக்கு வழி மட்டும். அணைத்துப் போட்டுத் திறந்தால் எண் கேட்கும். பலமுறை தவறினால் எண் கேட்கும். ஆண்ட்ராய்டில் எண் போட்டு 72 மணி நேரம் ஆகிவிட்டால், விரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் எண் கேட்கும். இது பழுதல்ல, பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். "மூணு நாளைக்கு ஒருதரம் இது கெட்டுப் போகுது" என்று அம்மா முன்பு சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எப்படியோ என்னிடம் கேட்டுத் திறந்து கொடுத்துவிடுவான்.

இன்னொன்றையும் அன்றுதான் சொல்லிக் கொடுத்தேன். பூட்டிய திரையிலேயே 'அவசர அழைப்பு' என்று ஒன்று இருக்கிறது. விரலும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். அதைத் தொட்டு 999 அழைக்கலாம். அமைப்புக்குள் போய் அவசரத் தொடர்பாக என் எண்ணையும் தம்பியின் எண்ணையும் சேர்த்து வைத்தால், பூட்டைத் திறக்காமலே எங்களையும் அழைக்கலாம். அது அந்தத் திரையில் முதல் நாளிலிருந்தே இருந்தது. அன்றிரவு தட்டு தட்டத் தேவையே இருந்திருக்காது. பெற்றோருக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்திருப்பவர்கள் இன்றிரவே அழைத்து இந்த ஒன்றையாவது சொல்லிக் கொடுங்கள். ஒருமுறை அவர்கள் கையாலேயே உங்களை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணை மாற்றும்போது, "பிறந்த தேதி வேண்டாம்மா, எல்லாருக்கும் தெரியும். நீங்க மறக்கவே மாட்டீங்கங்குற நம்பரா சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் கூட யோசிக்கவில்லை. தோட்டத்தில் இருந்தபோது செக்ரோலில் அவருக்கு இருந்த எண், அதோடு அவர் வெட்டிய நிரையின் எண். இரண்டையும் சேர்த்தால் ஆறு இலக்கம் வந்தது. தோட்டமே இல்லை, நிரையும் இல்லை, அந்த இடத்தில் இப்போது செம்பனை. அம்மா மட்டும் அந்த எண்ணை விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவது போலக் கடகடவென்று சொன்னார்.

மூன்று நாளைக்கு ஒருமுறை அது எண் கேட்கிறது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்துகிறார். சத்தமாகச் சொல்லாதீங்கம்மா என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்பதாக இல்லை.