உங்களுக்குத் தெரியுமா? அரசுப் பள்ளியும் ஊராரும்

● கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சீர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்துக்குச் சீர் எடுப்பதைப் பார்த்ததுண்டா? புதுக்கோட்டை, சிவகங்கை போன்ற மாவட்டங்களில் ‘கல்விச் சீர்’ என்றே இதற்குப் பெயர். பீரோ, நாற்காலி, மின்விசிறி, குடிநீர்க் குடம், சுவர்க் கடிகாரம், நோட்டுப் புத்தகம் என்று பள்ளிக்கு வேண்டியவற்றை வாங்கி, பழத்தட்டுகளோடு மேளதாளம் முழங்க ஊர்வலமாக எடுத்துவந்து தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கிறார்கள். ஆசிரியர்களும் பிள்ளைகளும் வாசலில் நின்று வரவேற்கிறார்கள். பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகளுக்குத்தான் இப்படிச் சீர் போகிறது. கொடுப்பவர்களில் பலர் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். பணக்காரர் ஒருவர் எழுதித் தரும் காசோலையைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன். தட்டு ஏந்தி வந்த தாய்க்கு அந்தப் பள்ளி அன்றோடு சொந்தமாகிவிடுகிறது.

● மதிய உணவு என்றதும் 1956-ம் காமராசரும் நினைவுக்கு வருகிறார்கள். அதற்கு 36 ஆண்டுகள் முன்பே, 1920-இல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. காமராசர் காலத்துத் திட்டமோ பொதுமக்களின் பங்களிப்போடுதான் தொடங்கியது. ஊரில் நெல் தந்தவர் உண்டு, விறகு தந்தவர் உண்டு. அரசின் பணம் அதற்குப் பிறகே சேர்ந்தது.

● அதே காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ‘பள்ளிச் சீரமைப்பு மாநாடு’ என்ற ஒன்றை ஊர் ஊராக நடத்தினார். இந்தப் பள்ளிக்குக் கூரை வேண்டும், அந்தப் பள்ளிக்குப் பலகை வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் எடுத்துவிடுவார்கள். யார் எதைத் தருகிறார் என்பதை மேடையிலேயே அறிவிப்பார்கள். முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் நடந்தது. இன்றைய கல்விச் சீரின் வேரைத் தேடிப் போனால் இந்த மாநாடுகளில்தான் போய் முடியும் என்பது என் எண்ணம்.

● மதுரை கொடிக்குளத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. அதை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த இடம் போதவில்லை. 2024 ஜனவரியில் ஆயி அம்மாள் என்கிற பூரணம், தமக்குச் சொந்தமான 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அந்தப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். அதன் மதிப்பு சுமார் 7 கோடி ரூபாய். அவர் வங்கி ஒன்றில் எழுத்தராக வேலை பார்ப்பவர். இளம் வயதில் கணவரை இழந்தவர், பிறகு ஒரே மகளையும் இழந்தவர். மகளின் நினைவாகத்தான் இந்தக் கொடை. பள்ளிக்கு மகள் பெயரை வைக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. அந்த ஆண்டு குடியரசு நாள் விழாவில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது வழங்கினார். ஏழு கோடி ரூபாய் கையில் இருந்தால் என்னென்னவோ செய்யலாம். அவருக்குத் தோன்றியது, ஊர்ப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பையும் பக்கத்திலேயே படிக்கட்டும் என்பது.

● வாங்கியதைத் திருப்பித் தருவதிலும் அரசுப் பள்ளி மாணவர்கள் சளைத்தவர்கள் அல்லர். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் காலில் பேருந்து ஏறிப் படுகாயம் அடைந்தவர். அவரை உயரம் தாண்டுதல் பக்கம் திருப்பியவர் அவருடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பரிசுப் பணம் வந்ததும் தாம் படித்த அரசுப் பள்ளிக்கு 30 லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம்.

● சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தவர்.

● 2022 ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட எஸ்எஸ்எல்வி ராக்கெட்டில் ‘ஆசாதிசாட்’ என்ற சின்னஞ்சிறு செயற்கைக்கோள் இருந்தது. நாடு முழுவதும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து உருவாக்கிய கருவிகள் அதற்குள் இருந்தன. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளின் கைவேலையும் அதில் உண்டு. ராக்கெட் சரியான சுற்றுப்பாதையை எட்டவில்லை. செயற்கைக்கோள் வீணானது. ஆனால் 2023 பிப்ரவரி 10 அன்று ‘ஆசாதிசாட்-2’ சுற்றுப்பாதையில் சரியாகச் சென்று அமர்ந்தது. முதல் முறை தோற்றதைப் பிள்ளைகள் கண்ணெதிரே பார்த்ததும் ஒரு பாடம்தான். ஆய்வகத்தில் எல்லாச் சோதனையும் முதல் தடவையே பலித்துவிடுவதில்லை.

● ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஒதுக்கீடு செல்லும் என்றது. கட்டணத்தை அரசே கட்டுகிறது. வசதி இல்லாததால் கிடைத்த இடத்தை விடும் நிலை இதனால் குறைந்தது.

● கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதையே மறந்து போனார்கள். அதைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் இதில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே தெருவில் குடியிருக்கும் பெண்கள். பட்டப்படிப்பை முடித்துவிட்டு வீட்டோடு இருந்த பலர் சாயங்காலம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாடம் சொன்னார்கள். மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய்தான். அந்தத் தொகையை வைத்து அவர்கள் உழைப்பை அளக்கவே முடியாது.

● அரசுப் பள்ளி மாணவர்கள் எழுதும் கதையும் வரையும் படமும் அச்சில் வருகின்றன. பள்ளிக்கல்வித் துறை நடத்தும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களை உங்கள் ஊர்ப் பள்ளி நூலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

● பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராகவே இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லையா, சுற்றுச்சுவர் இடிந்துவிட்டதா, படிப்பை நிறுத்திய பிள்ளையைத் திரும்ப அழைத்துவர வேண்டுமா, எல்லாவற்றையும் இந்தக் குழு பேசித் தீர்மானம் போடலாம். அதைக் கிராம சபைக்கும் கொண்டுபோகலாம். குழு கூடும் நாளில் கையெழுத்தோடு எழுந்து வந்துவிடாமல் உட்கார்ந்து கேள்வி கேட்கும் அம்மாக்கள் இருக்கும் பள்ளியில் குழாயில் தண்ணீர் வருகிறது.

● எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்று ஒரு திறனறித் தேர்வு உண்டு. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும், குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாத பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் மொத்தம் 48,000 ரூபாய் வரும். தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள். வீட்டில் சொல்வதற்கு ஆள் இல்லாததால் விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், இன்றே கூப்பிட்டு விவரம் சொல்லுங்கள். நாளைக்குத் தலைமையாசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.