மறுமுறை இரத்தம் எடுப்பது எதற்காக?

"திசுப் பொருத்தம் நன்றாக இருக்கிறதென்று சொன்னீர்களே, மறுபடியும் எதற்கு இரத்தம்?" சிறுநீரக மாற்றுக்குக் காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்விதான்.

முதலில் பெற்ற இரத்தத்தின் வெள்ளணுக்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து எச்.எல்.ஏ. வகையைக் கண்டறிகிறோம். அதற்குரிய மரபணுக்கள் தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என வருகின்றன. ஆகவே உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பொருந்தாமற்போனால் அது எவருடைய குறையும் அன்று. இவ்வகை வாழ்நாளில் மாறுவதில்லை.

மாறக்கூடியது எதிர்ப்பொருள். இரத்தம் ஏற்றிக்கொண்டவர், கருவுற்றவர், முன்பே உறுப்பு மாற்றம் பெற்றவர் ஆகியோரின் உடலில் பிறருடைய எச்.எல்.ஏ.வைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் தோன்றியிருக்கலாம். அதனாலேயே அறுவைச் சிகிச்சைக்குமுன் கொடையாளரின் வெள்ளணுக்களோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்து, முயலின் சீரத்தையும் (ஆம், முயல்தான்!) கலந்து சோதிக்கிறோம். 1964இல் டெரசாக்கி, மெக்லெலண்ட் இருவரும் வெளியிட்ட நுண்முறையின் வழிவந்தது இது. எதிர்ப்பொருள் இருப்பின் அணுக்கள் மடியும். மடிந்த அணுவினுள் சாயம் புகுவது நுண்ணோக்கியில் தெரியும். அதைப் பொருட்படுத்தாமல் சிறுநீரகத்தைப் பொருத்தினால், சில மணி நேரத்திலேயே அது பழுதடையக்கூடும்.

கடைசிச் சோதனைக்குப் பின் ஒரு யூனிட் இரத்தம் ஏற்றியிருந்தாலும், அது வேறு மருத்துவமனையில் நடந்திருந்தாலும், தேதியோடு எங்களிடம் தெரிவியுங்கள்.