கொடைக்கானலில் உறைபனி

மாணவர்களே, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட ஃபின்லாந்தின் வடகோடிக்குச் செல்வோர் உளர். நமக்கு அண்மையில் இருப்பது பழனிமலை. அங்கே வானிலிருந்து வெண்பனி பொழிவதில்லை. தரையில் உறைபனியே படிகிறது.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் சுமார் 6 பாகை குறையும். மேகமும் காற்றும் அற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. ஆதலின் மேட்டைவிட ஏரிக்கரைப் புல்வெளியே முன்னர் வெளுக்கும்.

அரையாண்டு விடுமுறையில் செல்வோர் கம்பளியாடை கொள்க. கதிரவன் எழுமுன் எழுக. 2024 மே மாதம் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. அதனையும் விசாரித்துப் புறப்படுக.

நம் கண்ணுக்கு விருந்தாகும் அவ்வெண்மை உருளைக்கிழங்குச் செடிகளை ஓரிரவில் கருக்கிவிடும். உழவரின் அவ்விழப்பையும் உணர்ந்து காண்பதே கல்விச் சுற்றுலாவாகும்.